அரசுக் கல்லூரியில் மனநல ஆலோசகர் பணியிடம்: எத்தனை பேர், எப்படி

100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் படிக்கும் கல்வி நிலையத்தில் தகுதியான ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் வகுத்தது. அது குறைந்தபட்சம்தான். 3,000 பேர் படிக்கும் கல்லூரிக்கு ஒருவர் போதவே போதாது.

பணியிடம் கேட்டுக் கருத்துரு எழுதும்போது கணக்கைக் காட்டுங்கள். வாரம் 40 மணி நேரத்தில் நேரடி அமர்வுக்கு 24 மணி நேரம்தான் தேறும். மீதி பதிவேடு, அவசர அழைப்பு, பயிற்சிக்குப் போய்விடும். கல்வியாண்டின் 30 வாரத்துக்கு, மணிக்கு ஓர் அமர்வாக, 720 அமர்வு; ஆளுக்கு 6 என்றால் 120 மாணவர். 3,000 பேரில் அது வெறும் 4 சதவீதம். இந்த ஒரு வரி நிதிப்பிரிவில் வேலை செய்யும்.

உளவியல் துறை ஆசிரியருக்கே ‘கூடுதல் பொறுப்பு’ கொடுக்காதீர்கள். அகமதிப்பீட்டு மார்க் போடுபவரிடம் எந்த மாணவி மனம் திறப்பாள்? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று விண்ணப்பிப்பவரிடம் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். 11 மாத ஒப்பந்தம் போட்டால் நம்பிக்கை பிறக்கும் நேரத்தில் ஆள் மாறிவிடுவார்; குறைந்தது மூன்றாண்டு கேளுங்கள்.

ஆலோசனை அறை, முதல்வர் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம், நூலக மாடி நல்லது. வாசலில் கையெழுத்து நோட்டு வைத்தால் கூட்டம் அன்றோடு நின்றுவிடும். கோப்புப் பூட்டின் சாவி ஆலோசகரிடம் மட்டும்.

மருந்து தேவைப்படுவோரை அனுப்ப, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் முன்பே பேசி வையுங்கள். இரவுக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண், டெலி மானஸ் 14416. விடுதிக் கதவுகளில் ஒட்டுங்கள்.