பக்கத்து மலையில் பூமா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பூமாவை (மலைச்சிங்கம் என்றும் சொல்லப்படும் பெரிய காட்டுப்பூனை) விளையாட்டுக்காக வேட்டையாட முடியாது. 1990இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த தடை அது. ஆனாலும் லாஸ் ஏஞ்சல்ஸ், சான்டா குரூஸ் ஊர்களை ஒட்டிய மலைகளில் பூமாக்கள் காரில் அடிபட்டும், எலி மருந்தாலும், ஆட்டுப்பட்டிக்குள் புகுந்த குற்றத்துக்காகவும் சாகின்றன. இவற்றில் பல, பூமாமேல் எந்தக் கோபமும் இல்லாதவர்கள் தெரியாமல் செய்வதால் நேர்பவை.

பூமா சுமாராக வாரம் ஒரு மான் அடிக்கும். தின்றது போக மிச்சத்தை மண்ணும் சருகும் தள்ளி மூடிவைத்துவிட்டு, சில நாட்கள் வந்து வந்து தின்னும். நடைபாதை ஓரத்தில் அப்படி மூடிய மானைப் பார்த்தால் பலரும் நின்று படமெடுக்கிறார்கள். மறுநாள் நாலு பேரைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். ஆபத்து என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தப் பூமாவுக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று பாருங்கள். சான்டா குரூஸ் மலைகளில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரைக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கி வைத்து, மனிதர் பேசும் குரலையும் தவளைச் சத்தத்தையும் ஒலிக்கவிட்டார்கள். தவளையைப் பூமாக்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. மனிதக் குரல் கேட்டதும் விலகி ஓடின. அந்த இரையைத் தின்னும் நேரமே பாதிக்கும் கீழே போனது. 2017இல் வெளியான ஆய்வு இது. அதே குழு 2015இல் சொன்னது இன்னும் யோசிக்க வைக்கிறது: வீடுகள் நெருங்கிய பகுதிகளில் பெண் பூமாக்கள் 36 சதவீதம் கூடுதலாக மான் கொல்கின்றன. அடித்ததை நிம்மதியாகத் தின்ன முடியாததால், குட்டியை வைத்துக்கொண்டு மறுபடி வேட்டைக்கு அலைகின்றன. ஆகவே மூடிய இரையைக் கண்டால் சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

அடுத்தது எலி மருந்து. புரோடிஃபாகூம், புரோமடியோலோன் போன்றவை ரத்தம் உறையவிடாமல் செய்து கொல்பவை. தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் தடுமாறித் திரியும். அதைக் கயோட்டி என்ற, நரி போன்ற காட்டு விலங்கு தின்னும், கயோட்டியைப் பூமா தின்னும். ஹாலிவுட் எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் கிரிஃபித் பூங்காவில் வாழ்ந்த ஆய்வாளர்கள் பி-22 என்று எண்ணிட்ட ஆண் பூமாவுக்கு 2014இல் கடுமையான சொறி. ரத்தத்தில் எலி மருந்து. 2002 முதல் லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றிய மலைகளில் அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை நடத்திவரும் ஆய்வில், பரிசோதித்த பூமாக்களில் மிகப் பெரும்பாலானவற்றின் உடலில் இந்த விஷம் இருந்தது. 2020இல் மாநிலம் இவற்றின் பயன்பாட்டை வெகுவாகக் கட்டுப்படுத்தியது. (நம் ஊர்க் கடைகளில் விற்கும் எலி மருந்து கேக்குகளிலும் புரோமடியோலோன் உண்டு. இங்கே அது ஆந்தைக்கும் பூனைக்கும் போகும்.) எலி நுழையும் ஓட்டையை அடைத்துவிடுங்கள், பொறி வையுங்கள்.

ஆடு வளர்ப்பவர்கள் செய்யும் தவறு, கம்பிவேலி போதும் என்று நினைப்பது. பூமாவுக்கு ஆளுயர வேலி ஒரு தடையே இல்லை. பட்டிக்குக் கூரை வேண்டும். நாலு பக்கமும் மூடியிருக்க வேண்டும். 2016இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே மாலிபுவில் பி-45 என்ற பூமா ஒரே இரவில் 10 அல்பாக்காக்களை (கம்பளிக்காக வளர்க்கும், ஒட்டகக் குடும்பப் பிராணி) கொன்றது. அதை வெறி என்றார்கள். ஓட வழியில்லாத பிராணிகள் கண்முன்னே பதறிக்கொண்டிருந்தால் வேட்டை உணர்வு அடங்காது, அவ்வளவுதான். அதைச் சுட அனுமதியும் கொடுத்தார்கள். ஊர் கொந்தளித்தது, கடைசியில் சுடவில்லை. 2017 முதல் அந்த மலைகளில் முதலில் கொல்லாத வழிகளை முயன்ற பிறகே சுடும் அனுமதி.

"பிடித்துத் தூரக் காட்டில் விட்டுவிடலாமே" என்பது நல்ல மனசில் வரும் யோசனைதான், ஆனால் தவறு. தூரக் காட்டில் ஏற்கெனவே ஓர் ஆண் இருக்கும். ஆண் பூமாக்கள் ஒன்றையொன்று கொல்லும். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்க மலைகளில் ஓர் ஆணுக்குச் சுமார் 390 சதுர கிலோமீட்டர் இடம் தேவைப்படுகிறது. அவற்றுக்கு வேண்டியது சாலையைத் தாண்ட ஒரு வழி. நெடுஞ்சாலைகளால் அடைபட்ட அந்த மலையில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து, 2020இல் வால் நுனி வளைந்த பூமாக்களைக் கண்டார்கள். 101ஆம் நெடுஞ்சாலையின் பத்துத் தடங்களுக்கு மேலே விலங்குப் பாலம் கட்டும் வேலை 2022இல் தொடங்கியது இதனால்தான்.

சரி, கவனித்துப் பதிவு செய்ய ஆசைப்படுபவர்களுக்கு. வாசல் கேமராவில் ஒரே வாரத்தில் ஐந்து முறை தெரிந்தால் ஐந்து பூமா என்று எழுதாதீர்கள். ஒன்றே ஊரைச் சுற்றியிருக்கலாம். தடத்தில் நகக்குறி இருந்தால் பெரும்பாலும் நாய். பூமா நகத்தை உள்ளிழுத்து நடக்கும், அடிப்பாதத்தின் பின்விளிம்பில் மூன்று மேடு தெரியும். குட்டிகளைக் கண்டால் தொடவே கூடாது. ஆய்வாளர்களே தாயின் ரேடியோ காலர் (இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை) தரும் தகவலைப் பார்த்து, அது வேட்டைக்குப் போயிருக்கும்போதுதான் குகையை நெருங்குகிறார்கள். குகை இருக்கும் இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நாளும் நேரமும் குறித்து வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள்.

நேருக்கு நேர் வந்துவிட்டால் ஓடக்கூடாது, குனியக்கூடாது. கண்ணைப் பார்த்தபடி, கைகளை உயர்த்தி, உரக்கப் பேசிக்கொண்டே பின்வாங்குங்கள். குழந்தை இருந்தால் தூக்கிக்கொள்ளுங்கள். பாய்ந்தால் எதிர்த்து அடியுங்கள். 2024 மார்ச்சில் ஓர் இளைஞர் பூமா தாக்கி இறந்தார். கலிஃபோர்னியாவில் அதற்கு முந்தைய மரணம் 2004இல். அரிதுதான், என்றாலும் அந்தி சாய்ந்தபின் தனியாக ஓட்டப்பயிற்சிக்குப் போவதைத் தவிர்த்துவிடுங்கள்.