ஓடுகிற கெர்னல் எது என்று முதலில் பாருங்கள்

தம்பியின் பழைய மடிக்கணினியில் வைஃபை செத்துவிட்டது. யூஎஸ்பி வைஃபை ஒன்று வாங்கிச் செருகினேன். டெபியன் 12 லினக்ஸில் அதற்கு டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) இல்லை, மூல நிரல் மட்டும் கிட்ஹப்பில் கிடைத்தது. போனிலிருந்து கேபிள் வழியாக இணையம் எடுத்து, அதைக் கெர்னல் மாட்யூலாக, அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஏற்றும் துண்டு நிரலாக, கட்ட உட்கார்ந்தேன்.

முதல் வேலை, டெர்மினலில் 'யூநேம் -ஆர்' அடித்து, வரும் கெர்னல் எண்ணைத் தாளில் எழுதிவைப்பது. எனக்கு 6.1.0-18-ஏஎம்டி64 என்று வந்தது. அப்புறம் கம்பைல் கருவிகள் அடங்கிய 'பில்ட்-எசென்ஷியல்' தொகுப்பையும், அந்தக் கெர்னலுக்கு மாட்யூல் கட்டத் தேவையான கோப்புகள் உள்ள, அதே எண் கொண்ட 'லினக்ஸ்-ஹெடர்ஸ்' தொகுப்பையும் நிறுவ வேண்டும். நான் எண்ணைச் சேர்க்காமல் பொதுப் பெயரில் நிறுவினேன், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். காலையில் கொடுத்த அப்டேட்டில் புதிய கெர்னல் 6.1.0-21 வந்து இறங்கியிருந்தது, ஆனால் ரீபூட் செய்யவில்லை. ஓடிக்கொண்டிருந்தது 18, ஹெடர் 21-க்கு. கட்டுவதற்கான 'மேக்' கட்டளை கொடுத்தால், 18-இன் மாட்யூல் அடைவுக்குள் 'பில்ட்' என்று ஒன்றுமே இல்லை என்று நின்றுவிட்டது. எப்படிக் கட்டுவது என்று மேக்குக்குச் சொல்லும் மேக்ஃபைலை இரண்டு மணி நேரம் சந்தேகப்பட்டேன். ரீபூட் செய்ததும் அதே கட்டளை ஓடியது.

டிரைவரைத் தொடும் முன் பத்து வரியில் ஒரு சின்ன மாட்யூல் எழுதிக் கட்டிப் பாருங்கள். ஏற்றும்போது ஒரு வரி, இறக்கும்போது ஒரு வரி அச்சிட்டால் போதும். 'மாட்யூல் லைசென்ஸ்' வரி கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கெர்னலில் கம்பைலே முடியாது. மேக்ஃபைலில் கட்டளை வரிகள் டேப் விசையில் தொடங்க வேண்டும். இணையத்திலிருந்து ஒட்டினால் டேப் பல நேரம் இடைவெளியாக மாறிவிடும், 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று பிழை வரும்.

கட்டி முடித்தால் '.கேஓ' என்று முடியும் கோப்பு கிடைக்கும். 'இன்ஸ்மாட்' கொடுத்து ஏற்றுங்கள், 'எல்எஸ்மாட்' பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள், 'டிமெஸேஜ்' கொடுத்து கெர்னல் செய்திகளின் கடைசி வரிகளைப் படியுங்கள். இன்ஸ்மாட் ஒற்றை வரியில் மறுக்கும்போது, உண்மைக் காரணம் பெரும்பாலும் டிமெஸேஜில்தான் இருக்கும். மாட்யூல் கெர்னலுக்குள்ளேயே ஓடுவது. அதில் ஒரு தப்பு இருந்தால் மொத்தக் கணினியும் உறைந்துபோகலாம், அதனால் திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டு ஏற்றுங்கள்.

செக்யூர் பூட் (கையொப்பம் சரிபார்த்தே தொடங்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினி என்றால், நம்பகமான கையொப்பம் இல்லாத மாட்யூலை டெபியன் கெர்னல் ஏற்காது. உங்கள் சாவியால் மாட்யூலில் கையொப்பமிட்டு, 'மோக்யூடில்' கட்டளை கொண்டு அந்தச் சாவியைப் பதிந்து, ஒரு கடவுச்சொல் கொடுத்து ரீபூட் செய்யுங்கள். நீலத்திரை வந்ததும் உடனே ஏதாவது ஒரு விசையைத் தட்ட வேண்டும். சில நொடிதான் காத்திருக்கும், தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

சின்னது ஓடிவிட்டதா? சரி, டிரைவருக்கும் இதே வழிதான். ஆனால் அதைக் கையால் நிறுவி விட்டுவிடாதீர்கள், அடுத்த கெர்னல் வந்ததும் வைஃபை போய்விடும். மூலத்தை 'டிகேஎம்எஸ்' கையில் கொடுத்தால், ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அதுவே கட்டிக்கொள்ளும். மூல அடைவில் 'டிகேஎம்எஸ்.கான்ஃப்' கோப்பும், அதில் 'ஆட்டோஇன்ஸ்டால்' வரியும் இருக்கிறதா பாருங்கள். புதிய கெர்னலோடு ஹெடரும் வந்தால்தான் அது கட்ட முடியும். அதற்கு, முன்னே என்னை மாட்டிவிட்ட அந்தப் பொதுப் பெயர் ஹெடர் தொகுப்பு இப்போது தேவை. தம்பியின் கணினியில் இப்போது டிகேஎம்எஸ், அந்தத் தொகுப்பு இரண்டுமே இருக்கின்றன.