இரண்டு மடி, ஒரு பை: வன்னியில் இரணைக் கைக்குழந்தைகளோடு வெளியே போகப் பழகுவது

எங்கள் இரட்டைப் பிள்ளைகள் பிறந்து மூன்று மாதம் வரை, கிளினிக் நாட்களில் மட்டுந்தான் நான் படலையைத் தாண்டினேன். "இரண்டையும் தூக்கிக்கொண்டு எங்கே போகப் போகிறாய், பிள்ளை?" என்று மாமி கேட்பார். அன்பால் கேட்டதுதான். ஆனால் ஒற்றைப் பிள்ளை பெற்றவள் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போய் வருகிறாள். இரணைப் பிள்ளை பெற்றவளை ஊரே வீட்டுக்குள் இருத்தி வைக்கிறது. முதல் வருடம் முழுவதும் நாலு சுவருக்குள் கழிவது தாய்க்குப் பெரிய பாரம். அது தேவையும் இல்லை.

வன்னியின் தூரம், வெயில், கிறவல் வீதி எல்லாவற்றோடும் வெளியே போகலாம். ஒரேயடியாக அல்ல, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வேண்டும். முற்றம், கிளினிக், கோயில், குளக்கட்டு, கடைசியாகக் கடல். கிளிநொச்சியில் நாங்கள் இந்த வரிசையில்தான் பழகினோம். முதன்முதலாக இரணைப் பிள்ளை பெற்றவர்களுக்காக அப்படியே எழுதுகிறேன்.

படி 1: ஒரு கொப்பியும் ஒரு துளி நகப்பூச்சும்

எங்களுடையவர்கள் ஒரே அச்சு. ஏழு நிமிடம் முந்திப் பிறந்தவள் பெரியவள், மற்றவள் சின்னவள். மூன்றாம் வாரத்தில் ஓர் இரவு, அரைத் தூக்கத்தில் பெரியவளுக்கே இரண்டு தரம் பால் கொடுத்துவிட்டேன். சின்னவள் அழுதழுது களைத்துத் தூங்கிப்போனாள். விடியத்தான் விளங்கியது. அன்றைக்கே பெரியவளின் கால் பெருவிரல் நகத்தில் சிவப்பு நகப்பூச்சு ஒரு துளி வைத்தோம். பொட்டு குளிக்க அழிந்துவிடும், கயிறு இறுகிவிடும். நகப்பூச்சு ஒரு வாரம் நிற்கும், மங்கும்போது மறுபடி வைக்கலாம்.

கொப்பியில் ஆளுக்கொரு பக்கம். பால் குடித்த நேரம், எந்தப் பக்க மார்பு, சிறுநீர், மலம் இவ்வளவும் எழுதினால் போதும். ஒரு கிழமை எழுதினால் இருவருக்கும் ஒரு தாளம் இருப்பது தெரியும். அந்தத் தாளத்தை ஒன்றாக்குவதுதான் வெளியே போவதற்கான அடித்தளம். ஒருத்தி பாலுக்கு எழும்பினால், மற்றவளையும் சில நிமிடத்தில் எழுப்பிக் கொடுங்கள். வீட்டில் இரண்டு பக்கமும் தலையணை வைத்து, பிள்ளைகளின் கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் நீளும்படி இரு கைக்குள்ளும் அணைத்தால் இருவரும் ஒரே நேரத்தில் குடிப்பார்கள். வெளியிடத்தில் அந்த வசதி கிடைக்காது, ஒருவர் பின் ஒருவர்தான். ஆகவே வெளியே பால் கொடுக்க வீட்டில் எடுக்கும் நேரத்தைப் போல இரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு மாதம், ஒரு பாலுக்கும் அடுத்த பாலுக்கும் இடையில் போய் வரக்கூடிய இடத்துக்கு மட்டும் போனோம்.

படி 2: முற்றம்

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பிறகு, காலை ஆறரைக்கு வேப்பமரத்தின் கீழ்ப் பாய் விரித்து இருவரையும் கிடத்தினேன். முதல் நாள் பத்து நிமிடம். காற்று முகத்தில் பட்டதும் சின்னவள் வாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, காற்றைத் தின்பவள் போலக் கிடந்தாள். ஒரு கிழமையில் அரை மணி நேரம் ஆயிற்று.

இங்கே பழக வேண்டியது சூடு பார்ப்பது. கையையும் காலையும் தொட்டுப் பார்த்தால் சரியாகத் தெரியாது. பிடரியில் விரலை வையுங்கள். வியர்த்திருந்தால் ஒரு துணி குறையுங்கள். பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் சித்திரை, வைகாசி வெயிலில் கைக்குழந்தையை வெளியே கொண்டு போகவே வேண்டாம். தள்ளுவண்டிலுக்கு மேலே துணி போர்த்தினால் நிழல் கிடைக்கும் என்று நினைப்பார்கள். உள்ளே காற்றோட்டம் நின்று அடுப்புப் போலாகிவிடும். கச்சான் காற்று புழுதி கிளப்பும் மாதங்களில் வீட்டின் பின்பக்கம் பாயைப் போடுங்கள்.

"இந்த வெயிலுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடு" என்று சொல்லாத ஆள் இருக்காது. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் அதற்குள்ளேயே இருக்கிறது. வெயில் நாளில் அடிக்கடி கொடுத்தால் சரி. பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தரமோ கூடவோ சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

படி 3: பை

தோளில் மாட்டும் பை ஒன்று, இரண்டு கையும் வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டு பிள்ளை என்பதற்காக எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்காதீர்கள். நாப்பியை மட்டும் கூட வையுங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு ஆளுக்கு ஒன்று, அதற்கு மேல் பொதுவாக இரண்டு. மாற்றுடுப்பு ஆளுக்கு ஒரு சோடி. இருவருக்கும் ஒரே நிறம் வாங்காமல், பெரியவளுக்கு மஞ்சள், சின்னவளுக்குப் பச்சை என்று பிரித்துவிட்டால், தூக்கி வைத்திருக்கும் சித்திமாரும் குழம்பமாட்டார்கள். பழைய நூல் சேலை ஒன்று கட்டாயம். அது விரிப்பு, மறைப்பு, போர்வை, ஏதாவது மரக்கிளை கிடைத்தால் ஏணையும் அதுதான். ஏணையில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்.

மா பால் கொடுப்பவர்கள் கரைத்து எடுத்துப் போக வேண்டாம். கொதித்த தண்ணீர் சுடுதண்ணீர்ப் போத்தலில், மா அளந்து தனியே, போத்தல் ஆளுக்கு இரண்டு. தேவைப்படும்போது சுடுதண்ணீரில் கரைத்து ஆறவைத்துக் கொடுங்கள். குடிக்கத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். ஒருத்தி மிச்சம் வைத்ததை மற்றவளுக்குக் கொடுக்காதீர்கள். கறந்த தாய்ப்பால் எங்கள் வெயிலில் நெடுநேரம் தாங்காது. ஐஸ் போட்ட பெட்டி இல்லையென்றால் நேரடியாகக் கொடுப்பதே நல்லது.

தாய்க்கும் ஒரு போத்தல் தண்ணீர். இதை மறந்துதான் நான் ஒரு நாள் தலைசுற்றி இருந்தேன்.

படி 4: கிளினிக்

இதுதான் நல்ல ஒத்திகை. இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் தடுப்பூசி, ஒன்பதாம் மாதம் சின்னமுத்துக்கான ஊசி, பன்னிரண்டாம் மாதம் மூளைக்காய்ச்சலுக்கானது. இரணைப் பிள்ளைகள் பலர் 37 கிழமைக்கு முன்னரே பிறந்துவிடுவார்கள். எங்களுடையவர்கள் 35இல். தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு. ஆனால் கழுத்து நிற்பது, குப்புறப் புரள்வது போன்றவற்றுக்கு முந்திப் பிறந்த அந்த ஐந்து கிழமையைக் கழித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அழ வேண்டிய தேவை எனக்கு அந்தக் கணக்கோடு போயிற்று.

பதிவுப் புத்தகங்கள் இரண்டையும் வேறு வேறு நிற உறையில் போடுங்கள். நிறை எழுதும் இடத்தில் மாறிப்போக வாய்ப்பு உண்டு. எழுதி முடிந்ததும் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். ஊசிக் காய்ச்சலுக்குத் தரும் பரசிற்றமோல் பாணியின் அளவு நிறையைப் பொறுத்தது. எங்கள் இருவருக்கும் அறுநூறு கிராம் வித்தியாசம் இருந்ததால் அளவும் வேறு. ஆளுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: ஓட்டோ

இந்தப் படியில் நான் விட்டுக்கொடுப்பதில்லை: ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் மடி. தனியாக ஒருவர் இரண்டு கைக்குழந்தைகளோடு ஓட்டோவில் ஏறக் கூடாது. மோட்டார் சைக்கிள் வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கத்தில் தகப்பன் ஓட்ட, தாய் பின்னால் ஒன்றை மடியிலும் ஒன்றைத் தோளிலும் வைத்துப் போவதைக் கண்டிருக்கிறேன். வாகனம் இல்லாத குடும்பத்துக்கு வேறு வழி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு மாட்டுக்குப் பிரேக் போட்டால் இரண்டு கை போதாது. அப்படி ஒரு நாள் வந்தால், கூட வர ஓர் ஆளைத் தேடும் வரை பயணத்தைத் தள்ளி வையுங்கள்.

தெரிந்த ஓட்டோக்காரரை ஒருவரையே வைத்துக்கொள்ளுங்கள். "கைப்பிள்ளைகள் அண்ணை, மெதுவாகப் போங்கோ" என்று சொல்லத் தேவையே இல்லாமல் எங்கள் அண்ணை கிறவல் வீதியில் பள்ளம் பள்ளமாக விலத்தி ஓட்டுவார். பிள்ளையின் தலை உள்பக்கமாக, திறந்த பக்கத்துக்கு உங்கள் முதுகு. ஒரு கை எப்போதும் பிடரியில். வான் பிடிக்கக்கூடியவர்கள், பிள்ளை இருக்கை இரண்டு இரவல் கிடைத்தாலும் வாங்கிப் பின்புறம் பார்க்கும்படி கட்டுங்கள்.

இரட்டைத் தள்ளுவண்டில் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கிளிநொச்சி நகர நடைபாதைக்கு அது உதவும். உள் வீதிக் கிறவலில் அதன் சில்லு புதையும். பணத்தை ஓட்டோக் கூலிக்கு வைத்திருங்கள்.

படி 6: முறிகண்டி

நான்கு மாதத்தில் ஏ9 வீதியால் முறிகண்டிப் பிள்ளையாரிடம் போனோம். அந்த வழியால் போகிற எல்லாரும் இறங்கிக் கும்பிடும் இடம் என்பதால் வெள்ளி மாலையில் சனம் கூடும். கிழமை நாள் விடியற்காலை போங்கள். கர்ப்பூரப் புகை பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது, ஒருவர் உள்ளே கும்பிட மற்றவர் மரநிழலில் நிற்கட்டும்.

இரண்டும் ஒன்று போலிருந்தால் சனம் சூழும். கன்னத்தைக் கிள்ளும், முத்தம் கொடுக்கும். "காய்ச்சல் காலம் அம்மா, காலை மட்டும் தொடுங்கோ" என்று சிரித்தபடி சொல்லப் பழகினேன், யாரும் கோபிக்கவில்லை. கறுத்தப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நாவில் தேன் தடவ வந்தால் மறித்துவிடுங்கள்: ஒரு வயது வரை தேன் ஆபத்து. முறிகண்டிக் கச்சானையும் (நிலக்கடலை) மறித்துவிடுங்கள். வயது போன ஒருவர் பாசத்தோடு ஒரு பருப்பைச் சின்னவளின் கைக்குள் வைத்துவிட்டார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். முழுக் கச்சான் மூச்சுக்குழாயை அடைக்கும்.

படி 7: குளக்கட்டு

ஆறு மாதம் முடிந்து சோறு தீத்திய பிறகு வெளியே போவது இலகுவாகும். மசித்த சோறும் பருப்பும் சிறு டப்பாவில், கரண்டி ஆளுக்கு ஒன்று. அந்த மாதம் இரணைமடுக் கட்டுக்குப் போனோம். இரணை என்றால் இரட்டை. அந்தப் பெயருக்காகவே எனக்கு ஆசை. மாலை நாலரைக்குப் போய், கனகாம்பிகை அம்மனைக் கும்பிட்டுவிட்டு, குளக்கட்டில் நிழலான இடம் பார்த்துச் சேலையை விரித்தோம். தண்ணீரின் மேலால் வந்த காற்றில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, முதன்முறையாக மற்றவளின் விரலைப் பிடித்துத் தன் வாயில் வைத்தார்கள். யாருடைய விரல் என்று இருவருக்கும் தெரியவில்லை.

கட்டின் சரிவில் விரிக்காதீர்கள், உருளும் வயது. நுளம்பு வரும் நேரத்துக்கு முன் நீளக் கை உடுப்புப் போட்டுவிடுங்கள். காட்டோர வீதியால் திரும்ப வேண்டியவர்கள் இருட்ட முன் வந்துவிடுங்கள், யானை இறங்கும். ஐப்பசி தொடங்கித் தை வரை மழை நாளில் இந்தப் படியை விட்டுவிடலாம்.

படி 8: கடல்

பதினோராம் மாதம் முல்லைத்தீவு. பரந்தனில் இருந்து ஏ35 வீதியால் சுமார் 50 கிலோமீற்றர். பஸ்ஸில் போவதானால், புறப்படும் தரிப்பிடத்திலேயே ஏறி இருக்கை பிடியுங்கள். நடுவழியில் ஏறினால் நின்றுகொண்டு பிள்ளையைத் தூக்க வேண்டிவரும். நாங்கள் மூன்று பெரியவர்கள் போனோம். மூன்றாவது ஆள் பைக்கும் பணத்துக்கும். புதுக்குடியிருப்பில் இறங்கிப் பால் கொடுத்து, நாப்பி மாற்றி, அடுத்த பஸ் எடுத்தோம்.

2009இல் பள்ளிப் பிள்ளையாக இதே வீதியால் நடந்தவள் நான். வட்டுவாகல் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனபோது இரண்டு பிள்ளைகளும் நித்திரை. எழுப்பவில்லை.

கடலில் ஐந்து நிமிடம் போதும், காலை எட்டு மணிக்கு முன். அலை வந்து திரும்பும் ஈர மணலில், ஆளுக்கு ஒரு பெரியவர் இரு கையாலும் அக்குளில் பிடித்து நிறுத்துங்கள். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வேண்டாம். பெரியவள் அழுதாள், தூக்கிவிட்டோம். சின்னவள் குனிந்து மணலை அள்ளினாள். வாய்க்குப் போக முன் கையைப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்த இரவே பையைக் கொட்டுங்கள். நல்ல தண்ணீரில் சேலையை அலசிக் கொடியில் போட்டு, போத்தல்களை அவித்து, நாப்பியை எண்ணி நிரப்பிக் கதவுக்குப் பின்னால் பையைத் தொங்க விடுங்கள்.