பழைய பண்ணைக் கொட்டகைகளைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கொட்டகையின் அழகு அதன் மேல்தோலில் இருக்கிறது. மழையில் நனைந்து நனைந்து வெளிறிய பலகை, ஆணித் தலையிலிருந்து கீழே வழிந்த துருக்கறை, உரிந்து சுருண்ட பெயின்ட். படம் சொதப்புவது பெரும்பாலும் இவற்றை மழுங்கடிப்பதால்தான்.

முக்கியமான தவறு, சூரியனை முதுகுக்கு நேர் பின்னால் வைத்துக்கொண்டு எடுப்பது. வெளிச்சம் நேராக விழும்போது பலகையின் விரிசல்களில் நிழலே இராது. சுவர் அட்டை போலத் தட்டையாகிவிடும். காலையிலோ மாலையிலோ தாழ்வான வெயில் பக்கவாட்டில் வருடிச் செல்லும்போதுதான் மர ரேகைகள் எழுந்து நிற்கும். ஆகவே எந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில் உள்ள புகழ்பெற்ற மோல்டன் கொட்டகைக்குப் புகைப்படக்காரர்கள் விடியலிலேயே போய்விடுவதற்குக் காரணம் உண்டு. மலைத்தொடர் அதற்கு மேற்கே இருக்கிறது. காலை வெயில் கொட்டகை, மலை இரண்டின் மீதும் விழும். மாலையில் சூரியன் அந்த மலைக்குப் பின்னால் இறங்கிவிடும்.

மேகமூட்டமாக இருந்தால் திரும்பிவிட வேண்டியதில்லை. வெள்ளை வானத்தைச் சட்டகத்துக்கு வெளியே விட்டு, கதவுக் கீலையும் தாழ்ப்பாளையும் நெருங்கி எடுங்கள். ஈரமான மரத்தின் நிறம் ஆழமானது.

அடுத்தது சாய்வு. அகலக் கோண லென்ஸுடன் கிட்டே நின்று கேமராவை மேலே தூக்கினால் சுவர்கள் பின்னோக்கிச் சரியும். கட்டடமே வயதால் சாய்ந்திருக்கும்போது, எது லென்ஸ் தந்த சாய்வு, எது காலம் தந்தது என்று பார்ப்பவருக்குப் புரியாது. பின்னால் தள்ளி நின்று, கேமராவை மட்டமாகப் பிடித்து, 50 முதல் 85 மி.மீ. லென்ஸில் எடுக்கலாம். பிறகு கணினியில் கொட்டகையையே நிமிர்த்திவிடாதீர்கள், அது வேறு கொடுமை!

உள்ளே பலகை இடுக்குகள் வழியாக ஒளிக்கீற்றுகள் பாயும். தானியங்கி ஒளி அளவீட்டை நம்பினால் கேமரா இருட்டை வெளுப்பாக்கிக் கீற்றுகளைக் கரைத்துவிடும். கீற்றுக்கு ஏற்றபடி படத்தில் பதியும் ஒளியின் அளவைக் குறைத்து, மூலைகள் கறுப்பாகவே இருக்கட்டும் என்று விடுவது என் கட்சி. தூசியில் தெரியும் ஒளிக்குப் பின்னால் இருட்டு வேண்டும்.

செந்நிறக் கொட்டகைகளில் பலவற்றுக்கு ஆளி விதை எண்ணெயில் இரும்பு ஆக்சைடு கலந்து பூசினார்கள். நாளடைவில் அது மண்ணிறமாக மங்கும். நிறச்செறிவை ஏற்றினால் நேற்று அடித்த பெயின்ட் போலாகிவிடும். படத்தில் சிவப்பு நிறத்தின் அளவுதான் முதலில் உச்சவரம்பைத் தொட்டு, மர ரேகைகளும் தொலையும்.

ஆளில்லாத கொட்டகைக்கும் உரிமையாளர் இருப்பார். அனுமதி கேட்கும்போதே எந்தப் பலகை உளுத்திருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள். வைக்கோல் பரணில் ஏற வேண்டாம். உத்தரத்தில் கூகையோ தகைவிலானோ கூடு வைத்திருந்தால் ஃபிளாஷை அணைத்துவிட்டு வெளியிலிருந்தே எடுங்கள்.