தகடு மெலிசா? முதலில் தடிமனைச் சந்தேகப்படுங்கள்

0.1 மி.மீ. அலுமினியத் தகட்டை இழுத்து வலிமை பார்க்கும் இழுவைச் சோதனையில் எண் ஒத்து வரவில்லையா? மெஷினைத் திட்டுவதற்கு முன், தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டரைப் பாருங்கள். 0.005 மி.மீ. பிசகினாலே தகைவில் (இழுவிசையைக் குறுக்குப் பரப்பால் வகுத்து வரும் எண்) 5 சதவீதம் பிழை. இதே பிசகு 1 மி.மீ. தகட்டில் அரை சதவீதம்தான். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

பல நேரம் குற்றவாளி, வெட்டிய ஓரத்தில் நிற்கும் பிசிறு. மைக்ரோமீட்டர் அதன் மேல் உட்கார்ந்தால் தடிமன் கூடும், வலிமை குறைவாகத் தெரியும். ஓரத்தை நைஸான உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, நடுப்பகுதியில் அளந்து பாருங்கள்.

எனக்குப் பிடித்த வழி, எடை போடுவது. அதே தகட்டில் 100 மி.மீ. சதுரம் வெட்டித் தராசில் வையுங்கள். அலுமினியத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.7 கிராம். எடையும் 2.7 கிராம் என்றால் சராசரித் தடிமன் 0.1 மி.மீ.; 2.5 கிராம்தான் என்றால் 0.093. பக்கங்களை மட்டும் ஒழுங்காக அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம், நீட்சியைக் கிராஸ்ஹெட் (மெஷினில் நகர்ந்து இழுக்கும் பகுதி) நகர்விலிருந்து எடுக்காதீர்கள். தகட்டைப் பிடித்திருக்கும் கிரிப் வழுக்குவதும் அதில் சேர்ந்துவிடும். தகட்டில் மாட்டி நீட்சியை அளக்கும் கிளிப் எக்ஸ்டென்சோமீட்டரோ தன் கனத்தாலேயே தகட்டை வளைத்துவிடும். மார்க்கரால் இரண்டு புள்ளி வைத்து, அவை விலகுவதைக் கேமராவில் பிடிப்பது மேல்.