வயலினுக்கும் பியானோவுக்கும் சேர்த்து எழுதும்போது நேரும் தவறுகள்

பியானோவில் ஒரு ஸ்வரத்தை அழுத்தினால் அந்த நொடியிலிருந்தே அது தேயத் தொடங்கிவிடும். வயலினில் அதே ஸ்வரத்தை வில் போகும் வரை பிடித்து வைக்கலாம், நடுவில் பெரிதாக்கவும் செய்யலாம். இந்த வேறுபாட்டை மறந்து எழுதுவதுதான் பல தவறுகளுக்கு வேர். 1927-இல் தன் வயலின் சொனாட்டாவை (வயலினுக்கும் பியானோவுக்குமான, பல பகுதிகள் கொண்ட படைப்பு) முடித்த பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல், இவை இயல்பிலேயே ஒன்றோடொன்று ஒட்டாத வாத்தியங்கள் என்று கருதினார். அந்த ஒட்டாமையை அவர் மறைக்கவில்லை, காதில் விழவே விட்டார்.

பியானோவை வெறும் பக்கவாத்தியமாக நினைக்காதீர்கள். வரலாறே நேர்மாறானது. 1764-இல் சிறுவன் மோட்சார்ட்டின் முதல் சொனாட்டாக்கள் பாரிஸில் அச்சானபோது, அவை கீபோர்டு வாத்தியத்துக்கான படைப்புகள்; வயலின் துணைக்கு வந்தால் வரலாம், அவ்வளவுதான். மெட்டு முழுவதையும் வயலினுக்கே கொடுத்தால் கேட்பவர் சீக்கிரம் களைத்துவிடுவார். வயலின் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி நுழையும் இடம் எவ்வளவு அழகு!

நான் அதிகம் பார்ப்பது நெரிசலைத்தான். வயலினின் கனத்த தந்தி நடு சி-க்கு (பியானோவின் நடுப்பகுதியில் உள்ள சி ஸ்வரம்) கீழே இருக்கும் ஜி. அதில் ஆழமான ஒரு வரியை எழுதிவிட்டு, அதே உயரத்தில் பியானோவுக்கு அடர்ந்த கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் பல ஸ்வரங்கள்), போதாததற்கு ஒலியை நீட்டும் பெடல். வயலின் அதில் மூழ்கிவிடும். பியானோவுக்குச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் குறியிட்டால் மட்டும் இது தீராது. பியானோவின் ஸ்வரங்களைக் குறையுங்கள், அல்லது இரண்டு கைகளையும் விலக்கி நடுவில் வயலினுக்கு இடம் விடுங்கள். எழுதியதைக் கம்ப்யூட்டரில் ஒலிக்கவிட்டுக் கேட்டால், அது இதைக் காட்டிக்கொடுக்காது. அதில் ஒலியளவு நாம் வைத்தபடி நிற்கும், வாசிக்கவே முடியாததையும் அது வாசித்துவிடும்.

அப்படி முடியாததில் ஒன்று: நடு சி-யையும் அதற்குக் கீழுள்ள ஏ-யையும் வயலினில் ஒன்றாகக் கேட்பது. இரண்டுமே ஜி தந்தியில் மட்டும்தான் கிடைக்கும். ஒரு தந்தியில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான். இரட்டை ஸ்வரம் எழுதும்போதெல்லாம் எது எந்தத் தந்தியில் என்று காகிதத்தில் குறித்துப் பாருங்கள்.

அப்புறம், விரலால் மீட்டிய பிறகு வில்லுக்குத் திரும்பச் சிறிது நேரம் வேண்டும். ஒலியைத் தணிக்கும் மியூட்டை மாட்டவும் அப்படியே. பியானோ கலைஞர் இரு வாத்தியங்களும் உள்ள முழு ஸ்கோரைப் பார்த்து வாசிப்பதால் அவருக்குப் பக்கங்கள் அதிகம். பக்கம் முடியும் இடத்தில் அவருக்கு ஒரு கையாவது ஓய்வாக இருக்கட்டும்.