லாட்ஜில் தண்ணீர்ச் செலவைக் குறைப்பது: ஒரு பக்கெட், ஒரு கடிகாரம், ஒரு நோட்டு

புதுச்சேரியில் சின்ன லாட்ஜோ கெஸ்ட் ஹவுஸோ நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் குடும்ப லாட்ஜ் பீச் ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. கோடையில் போர் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது. கெய்சரிலும் ஷவரிலும் உப்பு படிந்தது, லாரித் தண்ணீர் வாங்கும் நிலை வந்தது. அதன்பிறகு நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காரணம். கடலோர மண்ணில் நல்ல தண்ணீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் நிற்கும் உயரம் 1 அடி குறைந்தால், அடியிலிருக்கும் உப்புநீர் சுமார் 40 அடி ஏறிவரும் என்பது நிலத்தடி நீர் அறிவியலின் பழைய கணக்கு. அதனால் போர் கரித்தால் இன்னும் ஆழமாகப் போடுவது நமக்குத் தீர்வே அல்ல. உறிஞ்சுவதைக் குறைப்பதுதான் வழி. நம் தெருவில் ஒருவர் அதிகமாக இறைத்தால் பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து உப்பாகும்.

படி 1: அளப்பது

10 லிட்டர் பக்கெட்டை ஷவருக்கடியில் வைத்து, குழாயை முழுவதும் திறந்து, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 600 என்ற எண்ணை அந்த வினாடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 40 வினாடி என்றால் 15 லிட்டர். பக்கெட் நிஜமாகவே 10 லிட்டர்தானா என்பதை 1 லிட்டர் பாட்டிலால் ஊற்றிப் பார்த்து, உள்ளே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாடி டேங்க் நிரம்பியிருக்கும்போது எல்லா அறைகளிலும் ஒரே மூச்சில் அளந்து, தளவாரியாக நோட்டில் எழுதுங்கள். இதற்கென்று ஆப் எதுவும் வேண்டாம். ஹவுஸ்கீப்பிங் அக்காவும் பிளம்பரும் சேர்ந்து பார்க்க நோட்டுதான் வசதி.

படி 2: ஒழுகலை நிறுத்துவது

ஃபிளஷ் டேங்கில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போட்டு, 20 நிமிடம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் இரவு பகலாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். உப்புத் தண்ணீர் ஊரில் இந்த ரப்பர் சீக்கிரம் கெட்டியாகிவிடுகிறது. கையிருப்பாகச் சில வாஷர்கள் வாங்கி வையுங்கள்.

படி 3: குழாயின் வேகத்தைக் குறைப்பது

நான் அதிகம் திணறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தண்ணீர் சிக்கனம் என்றாலே எல்லாரும் ஏரேட்டர் (குழாய் வாயில் மாட்டும், தண்ணீரோடு காற்றைக் கலக்கும் சின்ன மூடி) வாங்கச் சொல்வார்கள். அழுத்தம் கூடினாலும் ஒரே அளவு தண்ணீர் விடும் ஒழுங்குபடுத்தும் வகை ஏரேட்டர்களின் டப்பாவில், அது வேலை செய்யத் தேவையான அழுத்தம் 1 பார் (அழுத்தத்தின் அலகு) முதல் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். நம் லாட்ஜ்களில் பெரும்பாலும் பிரஷர் பம்ப் கிடையாது, மாடி டேங்கிலிருந்து தண்ணீர் தானாக இறங்கி வருகிறது. 1 மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். டேங்குக்கு நேர்கீழே இருக்கும் இரண்டாம் மாடி ஷவருக்கு மேல் மொத்தமே 2 அல்லது 3 மீட்டர் தண்ணீர் உயரம் இருக்கும், அதாவது கால் பார். அங்கே ஏரேட்டரை மாட்டினால் நூல் மாதிரி வரும். தங்க வந்தவர் ரிசப்ஷனுக்கு போன் செய்வார், பையன் போய்க் கழற்றிப் போடுவான். தரைத்தளத்திலோ ஏறக்குறைய 1 பார் இருக்கும். அங்கேதான் தண்ணீர் வீணாகக் கொட்டும்.

ஆகவே படி 1-இல் எழுதிய நோட்டை எடுங்கள். ஷவரில் நிமிடத்துக்கு 9 லிட்டருக்கு மேல் வரும் அறைகளில் மட்டும் கைவைத்தால் போதும். மேல்மாடியில் ஏற்கெனவே குறைவாக வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

நான் பரிந்துரைப்பது காசே செலவில்லாத வழி. பாத்ரூம் சுவரில், மொத்த பாத்ரூமுக்கும் தண்ணீர் வரும் கன்சீல்ட் காக் (சுவருக்குள் பதித்த வால்வு, கைப்பிடி மட்டும் வெளியே தெரியும்) ஒன்று இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, ஒவ்வொரு முறையும் பக்கெட்டில் அளந்து, ஷவரில் 8 லிட்டர் வரும் இடத்தில் நிறுத்துங்கள். சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் இதன் வழியாகவே வருவதால் இரண்டும் சேர்ந்தே குறையும். ஒன்றை மட்டும் குறைத்தால் மிக்ஸர் சரியாகக் கலக்காது, ஒரு நொடி சுடும், ஒரு நொடி குளிரும். நின்ற இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போடுங்கள். அடுத்து வரும் பிளம்பர் வேலை முடிந்ததும் காக்கை முழுவதும் திறந்துவிட்டுப் போவது வழக்கம். கோடு இருந்தால் நீங்களே திரும்ப வைத்துவிடலாம்.

8 லிட்டருக்கும் கீழே ரொம்ப இறக்காதீர்கள். பாரடைஸ் பீச், செரினிட்டி பீச் போய் வருபவர்கள் உடம்பு முழுக்க மணலோடு வருகிறார்கள். வேகம் குறைந்தால் மணல் போக அதிக நேரம் நிற்பார்கள், மிச்சம் எதுவும் இருக்காது. 7 நிமிடக் குளியலுக்கு 15 லிட்டர் ஷவரில் 105 லிட்டர் போகும், 8 லிட்டர் ஷவரில் 56. இந்த வித்தியாசமே போதும்.

கேஸ் கெய்சர் உள்ள பாத்ரூமில் இதைச் செய்ய வேண்டாம். தண்ணீரின் வேகம் குறைந்தால் அடுப்பு பற்றாது.

வாஷ் பேசினுக்கு மட்டும் சாதாரண சல்லடை வைத்த ஏரேட்டர் போடலாம். நம் தண்ணீரில் அது அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேயுங்கள். பித்தளை உடம்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக்கில் மரை சீக்கிரம் போய்விடுகிறது.

படி 4: பழைய ஃபிளஷ் டேங்க்

10 லிட்டர் பழைய டேங்காக இருந்தால், பாட்டிலில் கொஞ்சம் மணலும் மீதி தண்ணீரும் நிரப்பி இறுக்கி மூடி உள்ளே வையுங்கள். செங்கல் வேண்டாம், கரைந்து வால்வில் அடைத்துக்கொள்ளும். வைத்த பிறகு ஒரே ஃபிளஷில் சுத்தமாகிறதா என்று பாருங்கள். இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தால் பாட்டிலை எடுத்துவிடுங்கள். புதிய இரட்டைப் பொத்தான் டேங்குகளுக்கு இது தேவையில்லை.

படி 5: துண்டும் பெட்ஷீட்டும்

"துண்டு கொடியில் இருந்தால் நாளையும் நீங்களே பயன்படுத்துகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வோம். மாற்ற வேண்டுமானால் கூடையில் போடுங்கள்" என்று அறையில் ஓர் அட்டை வைத்தோம். பூமி, எதிர்காலம் என்றெல்லாம் எழுதவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும்.

அட்டையைவிட முக்கியம், துண்டு காய இடம். நம் ஊர்க் கடல்காற்றில் பாத்ரூமுக்குள் தொங்கும் துண்டு காயவே காயாது, மறுநாள் வாடை வரும், யாராக இருந்தாலும் புதிதுதான் கேட்பார்கள். ஃபேன் காற்று படும் சுவரில் ஒரு கம்பி அடித்துக் கொடுங்கள். அப்புறம் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். துண்டு மாற்றவில்லை என்று யாராவது குறை சொன்னால் திட்டு தங்களுக்குத்தான் என்ற பயத்தில் அவர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்கள். "அந்தப் பேச்சு வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முதலாளி வாயால் சொன்னால்தான் இந்தப் படி நடக்கும்.

படி 6: ஏசித் தண்ணீர்

கடலோரக் காற்றின் ஈரத்தால், இரவு முழுக்க ஓடும் 1.5 டன் ஏசியிலிருந்து ஒரு பக்கெட் அளவுக்குத் தண்ணீர் கிடைக்கும். டிரெயின் பைப்புகளை நல்ல சரிவோடு இணைத்து, மூடியுள்ள டிரம்மில் விடுங்கள். பைப் நுழையும் ஓட்டையைக் கொசு வலையால் கட்டுங்கள். டெங்கு கொசு இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். டிரம்மை அன்றன்றே காலி செய்துவிடுங்கள்.

இதில் உப்பே இல்லாததால் ஜன்னல் கண்ணாடி துடைக்க இதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. போர் தண்ணீரில் துடைத்தால் வரும் வெள்ளைப் புள்ளிகள் வராது. மீதியை வாசலில், மணலோடு வருபவர்கள் கால் கழுவ வைத்தோம். பாத்ரூம் டிரெயினில் மணல் அடைப்பதும் அதோடு குறைந்தது. குடிக்க மட்டும் கூடாது, ஏசிக்குள் இருக்கும் தூசியும் பூஞ்சையும் அதில் வரும்.

ஆர்ஓ கழிவுநீரை இதோடு கலக்காதீர்கள், அதில் உப்பு அதிகம். தரை துடைக்கவும் டாய்லெட்டில் ஊற்றவும் சரி, செடிக்கு வேண்டாம்.

பின்சேர்க்கை: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து லாட்ஜ் நடத்தும் ஒருவர், தன்னிடம் பிரஷர் பம்ப் இருப்பதாகவும் காக்கைக் குறைத்ததும் பம்ப் விட்டு விட்டு ஓடுவதாகவும் எழுதியிருந்தார். பம்ப் இருந்தால் படி 3 மாறும். கன்சீல்ட் காக்கை முழுவதும் திறந்துவிட்டு, ஒழுங்குபடுத்தும் ஏரேட்டரையும் ஷவரையும் எல்லாத் தளத்திலும் மாட்டுங்கள். அழுத்தம் போதுமானதாக இருப்பதால் அவை சரியாக வேலை செய்யும். அதன்பிறகும் விட்டு விட்டு ஓடினால் பம்பின் பிரஷர் டேங்கில் காற்று குறைந்திருக்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, பைப்பிலிருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு, சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பாருங்கள். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டேங்கின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும்.